ஒரு நாடு எப்படிக் கேள்வியாகும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். உலக வரலாற்றுப் பாடங்களை மாலை வேளைகளில் அவளோடு சேர்ந்து நானும் வாசிப்பது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிய பகுதிகளில் அயர்லாந்துக் கேள்வி, கிழக்குக் கேள்வி, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கேள்வி என்று வரிசையாக வருகின்றன. "ஒரு நாடு எப்படிப்பா கேள்வியாகும்?" என்று அவள் கேட்டபோது என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் நம் செய்தித்தாள்களில் 'இது மில்லியன் டாலர் கேள்வி' என்று எழுதாத நாளே இல்லை என்றாகிவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் கடினமான ஒன்றைக் குறிக்க ஓரிடத்தில் ஊர்ப்பெயரையும் இன்னோரிடத்தில் பணத்தொகையையும் வைக்கிறார்களே, இதற்குப் பின்னால் ஏதாவது பார்வை இருக்கிறதா, அல்லது இவை வெறும் பேச்சு வழக்குகள்தானா? தாங்கள் நேரம் கிடைக்கும்போது விளக்கினால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
மு., தஞ்சாவூர்

அன்புள்ள மு. அவர்களுக்கு,

உங்கள் மகளின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின்மீது அதிகாரம் உள்ளவர்கள், அந்நாட்டு மக்களின் குரல் எடுபடாத ஓர் அவையில் அமர்ந்து, 'இதை என்ன செய்யலாம்' என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அந்த நாடு கேள்வியாகிறது. ஆகவே இவற்றை வெறும் வழக்குகள் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெரிய கேள்விக்குப் பெயர் சூட்டப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பெயர் கேட்டவருடையதா, அல்லது யாரைப் பற்றிக் கேட்கப்பட்டதோ அவருடையதா என்பதைத்தான். கேள்வியின் பாரம் யார் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த அளவுகோலுக்குள் வராதது பணத்தால் சொல்லும் வழக்கு. அது எளிது என்பதால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் சிபிஎஸ் வானொலியில் 1940இல் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. முதல் கேள்விக்குச் சரியான விடை சொன்னால் 1 டாலர், அடுத்ததற்கு 2, பிறகு 4, 8, 16, 32 என்று இரட்டித்து, ஏழாவதும் கடைசியுமான கேள்விக்கு 64 டாலர். கிடைத்ததை எடுத்துக்கொண்டு விலகலாம், அல்லது எல்லாவற்றையும் பணயம் வைத்து அடுத்த கேள்விக்குப் போகலாம். போட்டியாளர் தொடர்ந்து ஆடுவதென்று முடிவெடுத்தால், அரங்கில் இருப்பவர்கள் 'வருத்தப்படப் போகிறாய்!' என்று சேர்ந்து கத்துவது நிகழ்ச்சியின் ஓர் அங்கமாகவே இருந்தது. அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்துதான் 'அறுபத்து நான்கு டாலர் கேள்வி' என்ற தொடர் மக்கள் பேச்சில் ஏறியது. 1955இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது தொகை ஆயிரம் மடங்கானது. தொடரும் 'அறுபத்து நான்காயிரம் டாலர் கேள்வி' ஆயிற்று. அந்த ஆண்டே கடற்படைக் காலாட்படை அதிகாரி ஒருவர் சமையற்கலை பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லி முதன்முதலாக முழுத்தொகையையும் வென்றார். பின்னர் இங்கிலாந்தில் 1998இல் தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சி தொகையைப் பத்து லட்சம் பவுண்டாக்கியது. அதன் இந்திய வடிவங்கள் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்குக் 'கோடி ரூபாய்க் கேள்வி' வந்து சேர்ந்த கதை உங்களுக்கே தெரியும்.

இந்தப் பெயரில் எனக்குப் பிடித்த ஒரு நேர்மை இருக்கிறது. அது யாரையும் கேள்வியாக்குவதில்லை. விடையின் மதிப்பை மட்டுமே சொல்கிறது. ஆனால் விலை குறிக்கப்பட்ட கேள்விக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: விடை ஏற்கெனவே யாரோ ஒருவர் கையில் ஓர் உறைக்குள் இருக்க வேண்டும். அதனால் விளைந்த சீரழிவையும் அமெரிக்கர்களே பார்த்தார்கள். என்பிசி தொலைக்காட்சியின் 'இருபத்தொன்று' என்ற நிகழ்ச்சியில் வாரக்கணக்கில் வென்று நாடறிந்த மனிதராக உயர்ந்த சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1959 நவம்பர் 2 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன்பு தோன்றி, கேள்விகளும் விடைகளும் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று ஒப்புக்கொண்டார். எந்தக் கேள்விக்குத் தயங்க வேண்டும், எப்போது நெற்றி வியர்வையைத் துடைக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்து நடத்தப்பட்ட நாடகம் அது. அடுத்த ஆண்டே இத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் வந்தது.

எனவே, ஒரு கட்சியின் அடுத்த தலைவர் யார் என்பதை நம் நிருபர்கள் மில்லியன் டாலர் கேள்வி என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. அந்த விடை சிலருக்கு முன்பே தெரிந்திருக்கும், மற்றவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஆனால் மேட்டூர் அணை திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பதை அதே தொடரால் எழுதும்போது மனம் ஒப்பவில்லை. தூர்வாராத வாய்க்காலுக்கும் உடைந்த மதகுக்கும் விடை யாருடைய உறைக்குள்ளும் இல்லை. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் மகளின் பாடத்துக்கு வருகிறேன். இந்தப் பெயர்களில் முக்கியமானதாக நான் கருதுவது அயர்லாந்துக் கேள்வி. 1801 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இணைப்புச் சட்டத்தால் அயர்லாந்தின் தனி நாடாளுமன்றம் ஒழிந்தது. நூறு அயர்லாந்து உறுப்பினர்கள் லண்டன் அவைக்கு அனுப்பப்பட்டார்கள், ஆனால் அங்கே அவர்கள் என்றும் சிறுபான்மை. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த நாட்டில் அரசாங்கத் திருச்சபை ஆங்கிலிக்கத் திருச்சபையாக இருந்தது. நிலவுடைமையாளர்கள் பலர் இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டு முகவர்கள் மூலம் குத்தகை வசூலித்தார்கள். இந்த நிலைமையை லண்டன் அவை 'அயர்லாந்துக் கேள்வி' என்று அழைத்துக்கொண்டிருந்தபோது, 1844 பிப்ரவரி 16 அன்று பெஞ்சமின் டிஸ்ரேலி எழுந்து ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவர் நாற்பதை எட்டாத, பதவி எதுவும் இல்லாத உறுப்பினர். பிற்காலத்தில் இரண்டு முறை பிரதமரானவர்.

அந்த உரையில் அவர் முதலில் செய்தது, கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் குழப்பத்தை எடுத்து வைத்தது. ஒருவர் இதை உடல் சார்ந்த கேள்வி என்கிறார், இன்னொருவர் ஆன்மா சார்ந்தது என்கிறார். இன்று பிரபுக்கள் இல்லாததுதான் குறை என்கிறோம், நாளை ரயில் பாதைகள் இல்லாததுதான் குறை என்கிறோம். ஒருநாள் போப்பாண்டவர் காரணம், மறுநாள் உருளைக்கிழங்கு காரணம். இப்படிச் சொல்லிவிட்டு அவர் அந்தக் கேள்வியை ஒரே மூச்சில் வரையறுத்தார்: பட்டினி கிடக்கும் மக்கள், ஊரில் இல்லாத பிரபுக்கள், அந்நியமான திருச்சபை, இவற்றுக்கும் மேலே உலகிலேயே பலவீனமான நிர்வாகம். இதுதான் அயர்லாந்துக் கேள்வி என்றார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இப்படி ஒரு நாடு இருப்பதாக எங்கோ படித்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள், இதற்குப் பரிகாரம் புரட்சிதான் என்று உடனே சொல்லமாட்டீர்களா என்று அவையைக் கேட்டார். ஆனால் அயர்லாந்து மக்களால் புரட்சி செய்ய முடியாது. ஏனென்றால் அவர்கள் தங்களைவிட வலிமையான இன்னொரு நாட்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். அப்படியானால், புரட்சி ஒன்றே பரிகாரமாக இருந்து, இங்கிலாந்துடனான பிணைப்பு அந்தப் பரிகாரத்தைத் தடுக்கிறது என்றால், அயர்லாந்தின் துன்பம் அனைத்துக்கும் காரணம் இங்கிலாந்து என்ற இழிவான இடத்துக்குத் தர்க்கம் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்றார். கேள்வியின் பெயர் அயர்லாந்து, விடையின் பெயர் இங்கிலாந்து. இதை அயர்லாந்துக் கிளர்ச்சிக்காரர் யாரும் சொல்லவில்லை. லண்டன் அவையில் அமர்ந்திருந்த ஓர் ஆங்கிலேய டோரி (பழமைவாதக் கட்சி) உறுப்பினர் சொன்னார்.

அவர் 'பட்டினி கிடக்கும் மக்கள்' என்று பேசியது பெரும்பஞ்சத்துக்கு முன்பு என்பதைக் கவனியுங்கள். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது 1845 இலையுதிர் காலத்தில். 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்கும் அதிகமானோர் கடல் கடந்து போனார்கள். 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் பெயர் மாறவில்லை. அயர்லாந்துக் கேள்விக்கு விடை காண வேண்டும் என்றே அடுத்த எழுபது ஆண்டுகளும் லண்டனில் பேசினார்கள். மக்களைச் சாகவிட்ட ஆட்சிமுறையை 'இங்கிலாந்துக் கேள்வி' என்று அந்த அவை ஒருநாளும் அழைத்ததில்லை. இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

உங்கள் பட்டியலில் உள்ள மற்ற இரண்டையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். கிழக்குக் கேள்வி என்பது உதுமானியப் பேரரசு தளர்ந்துவரும்போது அதன் நிலப்பகுதிகளை யார் எடுத்துக்கொள்வது என்ற ஐரோப்பிய வல்லரசுகளின் கவலை. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பார்த்தால்தான் அது கிழக்கு. இஸ்தான்புல்லிலோ சோபியாவிலோ வாழ்ந்தவருக்கு அது அவர் தெருவும் அவர் வயலும். 1878 பெர்லின் மாநாட்டில் பால்கன் நாடுகளின் எல்லைகள் கிழித்து வரையப்பட்டபோது, அந்நாட்டுப் பிரதிநிதிகளுக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட்டதே தவிர முடிவெடுக்கும் இடம் தரப்படவில்லை.

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கதை இன்னும் துலக்கமானது. டென்மார்க்குக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் இடையில் கிடந்த இந்த இரண்டு சிற்றரசுப் பகுதிகளும் யாருக்குச் சேரும் என்பது, வாரிசுரிமைச் சட்டங்களும் பழைய ஒப்பந்தங்களும் பின்னிக் கிடந்த வழக்கு. இதை உண்மையாகப் புரிந்துகொண்டவர்கள் மூன்றே பேர் என்று பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது: ஒருவர் அரசியின் கணவர் ஆல்பர்ட், அவர் இறந்துவிட்டார், இன்னொருவர் ஒரு ஜெர்மானியப் பேராசிரியர், அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, மூன்றாமவர் நான், எனக்கு மறந்துவிட்டது. விடையே இல்லாத சிக்கலுக்கு எடுத்துக்காட்டாக ஆங்கிலேயர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பகுதியில் விவசாயம் செய்தவர்களும் மீன் பிடித்தவர்களும் அந்த மூவரில் ஒருவராகக்கூடச் சேர்க்கப்படவில்லை என்பதை நாம் பார்க்க வேண்டும்.

1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போர் தொடுத்து அவற்றைக் கைப்பற்றின. வட ஷ்லெஸ்விக் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாக 1866 பிராக் உடன்படிக்கையில் தந்த உறுதியை பிரஷ்யா நிறைவேற்றவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் 1920 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஷ்லெஸ்விக்கின் வடக்கு, நடுப் பகுதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க்கையும், நடுப்பகுதியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கினர் ஜெர்மனியையும் தேர்ந்தார்கள். அன்று போட்ட எல்லைதான் இன்றும் இருக்கிறது. எல்லையின் இருபுறமும் சிறுபான்மையினருக்கான பள்ளிகள் நடக்கின்றன. மேதைகளைப் பைத்தியமாக்கியதாகச் சொல்லப்பட்ட கேள்விக்கு, அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டவுடன் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. கேள்வி கடினமாக இருந்ததற்கு ஒரு பெரிய காரணம், கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதுதான் என்பது என் எண்ணம்.

நாடுகளோடு இது நிற்கவில்லை. மக்களும் கேள்வியானார்கள். 'பெண் கேள்வி' என்று ஆண்கள் எழுதிக் குவித்தார்கள். பிறகு பெண்களே அந்தத் தலைப்பைக் கைப்பற்றி வாக்குரிமை வரை கொண்டுபோனது வேறு கதை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் 'நீக்ரோ பிரச்சினை' என்று அழைக்கப்பட்டார்கள். கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் முதல் கட்டுரையில், தம்மிடம் பேச வரும் வெள்ளையர்கள் நேரடியாகக் கேட்காமல் சுற்றிவளைப்பதை விவரிக்கிறார். எங்கள் ஊரில் ஒரு நல்ல கறுப்பரை எனக்குத் தெரியும் என்பார் ஒருவர். தெற்கே நடக்கும் கொடுமைகளைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறதல்லவா என்பார் இன்னொருவர். அத்தனைக்கும் அடியில் கிடக்கும் உண்மையான கேள்வி, 'ஒரு பிரச்சினையாக இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்பதுதான் என்றும், அதற்குத் தாம் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை என்றும் எழுதுகிறார். உங்கள் மகளின் கேள்விக்கு மறுகரையிலிருந்து வந்த பதிலாக இதை நான் வாசிக்கிறேன்.

இந்தப் பெயரிடும் பழக்கம் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. ஜெர்மன் மொழியில் 'யூதக் கேள்வி' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாதாரணமாகப் புழங்கிய தலைப்பு. ஒரு மக்கள் கூட்டத்தைக் கேள்வி என்று அழைக்கப் பழகிய சமூகம், அதற்கு ஒரு 'தீர்வு' இருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்குகிறது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் புறநகர்ப் பகுதியான வான்சேயில் பதினைந்து நாஜி அதிகாரிகள் கூடிப் பேசியது 'யூதக் கேள்வியின் இறுதித் தீர்வு' என்ற பெயரில்தான். பெயர் மட்டுமே கொலை செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொலையை ஓர் அலுவலகக் கோப்பின் தலைப்பாக மாற்ற அந்தப் பெயர் உதவியது.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் நடந்ததை ஆங்கில ஏடுகள் பல காலமாகத் தமிழர் பிரச்சினை என்றே எழுதின; தமிழ்நாட்டில் நாமும் 'இலங்கைத் தமிழர் பிரச்சினை' என்றே இன்றுவரை சொல்லிவருகிறோம். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைத் தமிழர்கள் இயற்றவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் பெயரைப் பிரச்சினைக்குச் சூட்டும் வழக்கம் நம் நாவிலும் ஏறியிருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான பெயர் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. தேர்வுப் பாடத்தில் அது இடம்பெறாமல் போகலாம், ஆனாலும் மகளுக்குச் சொல்லுங்கள். 1977 நவம்பர் 14 அன்று, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் தருவது பற்றிய விவாதத்தில், மேற்கு லோதியன் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் டாம் டாலியல் தம் சொந்தக் கட்சியின் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வந்துவிட்டால், லண்டன் அவையில் தாம் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன் நகரத்தின் காரியங்களில் வாக்களிக்கலாம், ஆனால் தம் சொந்தத் தொகுதியில் உள்ள பிளாக்பர்ன் என்ற ஊரின் காரியங்களில் வாக்களிக்க முடியாது, இந்த முரணை ஆங்கிலேயத் தொகுதிகள் எத்தனை காலம் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டார். ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களை அருகருகே வைத்து அரசமைப்பின் ஓட்டையைக் காட்டிய அந்த நுட்பத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதே விவாதத்தில் இன்னோர் உறுப்பினரான இனோக் பவல், அவர் சொல்லவருவதை இப்போதுதான் நாம் பிடித்திருக்கிறோம், இதை 'மேற்கு லோதியன் கேள்வி' என்று அழைப்போம் என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஊரின் பெயர் கேட்டவருடைய ஊரின் பெயர். மேற்கு லோதியன் மக்களை யாரும் பிரச்சினை என்று சொல்லவில்லை. அவர்களுடைய பிரதிநிதி எழுப்பிய கேள்விக்கு மரியாதையாக அவர்களுடைய ஊர்ப்பெயர் கிடைத்தது. கேட்டவர் ஆளும் அவையின் உள்ளே, சம உரிமையுள்ள உறுப்பினராக இருந்ததால்தான் இது முடிந்தது. இதில் கவனிக்க வேண்டிய வரலாற்றுத் தொடர்ச்சி ஒன்றும் இருக்கிறது. இதே கேள்வி அயர்லாந்து விஷயத்தில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரதமர் கிளாட்ஸ்டனை வாட்டியது. 1886இல் அவர் கொண்டுவந்த சுயாட்சி மசோதா அயர்லாந்து உறுப்பினர்களை லண்டன் அவையிலிருந்து விலக்கிவைத்தது. அது 30 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றது. 1893 மசோதாவில் அவர்கள் பிரிட்டனுக்கு மட்டுமே உரிய காரியங்களில் வாக்களிக்கக் கூடாது என்று முதலில் எழுதி, பிறகு எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம் என்று மாற்றினார். பிரபுக்கள் அவை அதை 419க்கு 41 என்ற கணக்கில் வீழ்த்தியது. அன்று அது அயர்லாந்துக் கேள்வியின் ஓர் உட்பிரிவாகவே பேசப்பட்டது.

டாலியலின் கேள்விக்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999இல் அமைந்த அதே ஆண்டில், சட்டத்துறைக்குப் பொறுப்பான இர்வின் பிரபு, இந்தக் கேள்விக்குச் சிறந்த விடை அதைக் கேட்பதை நிறுத்துவதுதான் என்று பிரபுக்கள் அவையில் சொன்னார். ஆனால் 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா ஐந்தே வாக்குகள் வித்தியாசத்தில் தேறியபோது, அந்தக் கட்டணம் பொருந்தாத ஸ்காட்லாந்தின் உறுப்பினர்களின் வாக்கு அதில் தீர்மானமாக அமைந்தது. கேள்வி மறுபடி உயிர்பெற்றது. 2015இல் ஆங்கிலேயச் சட்டங்களுக்கு ஆங்கிலேய உறுப்பினர்களின் தனி ஒப்புதல் வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து, 2021இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பெயரிடுவதை அரசுகளே எவ்வளவு முக்கியமாகக் கருதுகின்றன என்பதற்கு நம் துணைக்கண்டத்திலிருந்து ஒரு சான்று. 1948 ஜனவரியில் இந்தியா ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு எடுத்துச்சென்ற விஷயம் முதலில் 'ஜம்மு-காஷ்மீர் கேள்வி' என்றே அலுவல் பட்டியலில் இருந்தது. பாகிஸ்தான் தரப்பின் வேண்டுகோளை ஒட்டி அந்த மாதமே அது 'இந்தியா-பாகிஸ்தான் கேள்வி' என்று மாற்றப்பட்டது. காஷ்மீரில் வாழ்கிறவர்கள் முதல் பெயரில் பொருளாக இருந்தார்கள், இரண்டாவது பெயரில் காணாமலே போனார்கள். எது அவர்களுக்கு அதிகத் தீங்கு என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கேள்வியின் கடினத்தை அதன் உள்ளமைப்பைக் கொண்டே சொல்லும் பெயர்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கின. மனித நனவு ஏன் உள்ளிருந்து உணரப்படும் அனுபவமாக இருக்கிறது என்பதைத் தத்துவவாதி டேவிட் சாமர்ஸ் 1990களின் நடுவில் 'கடினமான பிரச்சினை' என்றே அழைத்தார். எனக்கு இன்னும் பயனுள்ளதாகப் படுவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் இருவரும் 1973இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த பிரிவு. கணக்குப் புதிரையும் சதுரங்கச் சிக்கலையும் அவர்கள் அடங்கிய பிரச்சினைகள் என்றார்கள். நகரத் திட்டமிடலும் வறுமையும் குற்றங்களும் அடங்காத பிரச்சினைகள். அடங்காத மாட்டை ஒரு பக்கம் பிடித்தால் இன்னொரு பக்கம் திமிறுவதுபோல, இவற்றில் ஒரு முனையைச் சரிசெய்தால் வேறொரு முனை கிளம்புகிறது. வறுமை என்றால் குறைந்த வருமானமா? அப்படியானால் வேலையின்மையைப் பார்க்க வேண்டும், பிறகு கல்வியை, பிறகு உடல்நலத்தை, பிறகு மனநலத்தை. பிரச்சினை என்ன என்று சொல்லி முடிப்பதே தீர்வில் பாதி. நெடுஞ்சாலை ஒன்றைச் சோதனைக்காகக் கட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் எளிதாகத் திருத்திவிட முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். வீடிழந்தவருக்கு அந்தச் சோதனை வாழ்நாள் விளைவு. அதனால்தான் திட்டமிடுபவருக்குத் தவறு செய்யும் உரிமை இல்லை என்றார்கள்.

ஒரு பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதிலேயே ஆளாளுக்கு வேறுபடுவார்கள் என்பதையும், சொல்பவரின் இடம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும் என்பதையும் அந்தக் கட்டுரை ஏற்றுக்கொள்கிறது. பெயர் இங்கே யார் தலையிலும் ஏறவில்லை, கேட்பவரும் கேள்விக்குள் நிற்கிறார். ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களுள் நான் மதிப்பது இதைத்தான். பின்னாளில் மேலாண்மை வகுப்புகளில் எல்லாச் சிக்கலுக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிட்டது அந்த இரு பேராசிரியர்களின் குற்றமில்லை.

மகளின் தேர்வைப் பொறுத்தவரை, வினாத்தாள் 'கிழக்குக் கேள்வி' என்று கேட்டால் அவளும் அந்தப் பெயரிலேயே எழுத வேண்டியதுதான். ஆனால் முதல் பத்தியில் அது யாருடைய கேள்வி, யாரைப் பற்றியது என்று இரண்டு வரி எழுதிவிட்டுத் தொடங்கினால் விடைக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டிஸ்ரேலியின் உரைக்கு 1844 பிப்ரவரி 16, டாலியலின் உரைக்கு 1977 நவம்பர் 14 என்ற தேதிகளைக் கொண்டு தேடலாம். 1844ஆம் ஆண்டுப் பதிவு 'அவர் சொன்னார்' என்று படர்க்கையில் எழுதப்பட்டிருக்கும், வாக்கியங்களும் நீளமானவை, சற்றுப் பொறுமை வேண்டும். மாலை வாசிப்பில் நீங்கள் உரக்கப் படிக்க, அவள் கேட்டுக் குறிப்பெடுத்தால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

அன்புடன்.